மரச்செக்கு நல்லெண்ணெய்: ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்ற பாட்டிலை வாங்கலாமா?

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் கடைத்தெருக்களில் மரச்செக்குக் கடைகள் பெருகிவிட்டன. பாட்டிலில் பச்சை எழுத்தில் ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று ஒட்டியிருப்பார்கள். பொய்யில்லை, ஆனால் பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை. நம் உணவில் கொலஸ்ட்ரால் வருவது முட்டை, இறைச்சி, மீன், பால், நெய் வழியாகத்தான். எள்ளெண்ணெயில் மட்டுமல்ல, ரேஷன் பாமாயிலிலும் அது கிடையாது. ‘கொலஸ்ட்ரால் ஃபைட்டர்’ மாதிரி வாசகங்களை எண்ணெய்ப் பாட்டிலில் போட உணவுப் பாதுகாப்பு விதி இடம் தருவதில்லை. அப்படி எழுதியிருந்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பை. 100 கிராம் நல்லெண்ணெயில் அது ஏறக்குறைய 14 கிராம். பாமாயிலில் 40-க்கு மேல், நெய்யில் 60-க்கு மேல், தேங்காயெண்ணெயில் 80-க்கு மேல். ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லை, அதாவது கெட்ட கொலஸ்ட்ராலை, ஈரல்தான் இழுத்து வெளியேற்றுகிறது. நிறைவுற்ற கொழுப்பு அந்த வேலையை மந்தமாக்கிவிடும். அதனால் பாமாயில், டால்டா இருந்த இடத்துக்கு நல்லெண்ணெய் வந்தால் எல்டிஎல் இறங்கும். அவையும் இருக்க, இதையும் கூடுதலாக ஊற்றினால் எடைதான் ஏறும். இட்லிப் பொடியில் குழி பறித்து எண்ணெய் நிரப்புகிற நம்மூர்க் கை காரியத்தைக் கெடுப்பது இங்கேதான். ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி, 120 கலோரி. எல்லா எண்ணெயும் சேர்த்து ஆளுக்கு மாதம் அரை லிட்டர் போதும். நாலு பேர் வீட்டுக்கு 2 லிட்டர். பாட்டிலைச் சாய்த்து ஊற்றாமல் 5 மில்லி ஸ்பூனால் அளந்தால், எவ்வளவு போகிறது என்று முதல் நாளே தெரிந்துவிடும்.

இனி தரம். ஒரு லிட்டர் எண்ணெய்க்குச் செக்கில் ஏறக்குறைய இரண்டரை கிலோ எள் போகும். அன்றைய எள் விலையை விசாரித்து இரண்டரையால் பெருக்கிப் பாருங்கள். புண்ணாக்கு விற்ற காசு கொஞ்சம் கடைக்காரருக்குத் திரும்பும்தான். அதைக் கழித்த பிறகும் எண்ணெயின் விலை எள்ளின் விலைக்குக் கீழே இருந்தால் ஏதோ கலந்திருக்கிறது. பாமாயில் கலந்ததை ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்தால் வெள்ளையாக மங்கும் அல்லது அடியில் உறையும். நல்ல நல்லெண்ணெய் அப்படியே ஓடும்.

செக்கில் ஆட்டும்போது கருப்பட்டியும் கொஞ்சம் தண்ணீரும் சேர்ப்பது வழக்கம். தண்ணீர் கூடிப்போய், மண்டி தெளியாமல் பாட்டிலில் அடைத்தால் சீக்கிரமே சிக்கு வாடை அடிக்கும். வாங்கும்போது பாட்டிலைத் தலைகீழாகச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். அடியிலிருந்து புகை மாதிரி மண்டி எழும்பினால் இன்னும் தெளியவில்லை. இரண்டு மூன்று நாள் அசையாமல் வைத்து, மேலாக இறுத்துக்கொள்ளலாம்.

கும்பகோணத்துக் கோயில் வாசல்களிலும் திருநள்ளாறு போகிற வழியிலும் விற்கும் ‘தீப எண்ணெய்’ வேறு சமாச்சாரம். விலை குறைவு என்று அதைச் சமையலுக்கு எடுத்துவிடாதீர்கள். அது விளக்குக்கு மட்டும்தான்.

தாளிக்க, புளியோதரைக்கு, வத்தக்குழம்புக்கு செக்கு நல்லெண்ணெய்க்கு ஈடில்லை. பஜ்ஜி, வடைக்கு வேண்டாம்: சுத்திகரிக்காத எண்ணெய் நுரைத்துப் பொங்கும், சீக்கிரம் புகையும். எண்ணெய் மாற்றினோமே என்று கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்தவும் கூடாது. மூன்று மாதம் கழித்து ரத்தக் கொழுப்பை அளக்கும் லிப்பிட் சோதனை எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். அதில் எல்டிஎல் 190-ஐ (mg/dL) தாண்டியவர்களுக்கு எண்ணெய் மாற்றம் மட்டும் போதவே போதாது.

5 லிட்டர் கேனில் தள்ளுபடி தருவார்கள். சின்னக் குடும்பம் என்றால் வேண்டாம். கேனைத் திறந்து திறந்து காற்றுப் பட்டே பாதி எண்ணெய் காறிப்போகும். மாதாமாதம் எவர்சில்வர் தூக்கைக் கொண்டுபோய் வேண்டியதை மட்டும் அளந்து வாங்கிக்கொள்ளுங்கள்.