கடனா, கறவை மாடா, கைக்காசா?

ஏழைக் குடும்பங்களுக்காக ஒரு தொகை ஒதுக்கியாகிவிட்டது. எப்படிக் கொடுப்பது? சிறுகடனாகக் கொடுக்கலாம். மாடோ ஆடோ வாங்கிக் கொடுத்து, ஆள் வைத்துத் தொழில் பழக்கிவிடலாம். இல்லை, பேசாமல் பணத்தையே கையில் கொடுத்துவிடலாம். மூன்றுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. ஆளுக்கொரு வெற்றிக் கதையும் வைத்திருப்பார்கள். கதையை நம்பித் திட்டம் போட முடியாது என்பதால்தான் குலுக்கல் முறை ஆய்வுகள் வந்தன. தகுதியுள்ள ஊர்களில் சீட்டுக் குலுக்கி ஒரு பாதிக்கு உதவி கொடுத்து, மறுபாதியோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வறுமை ஆய்வில் இந்த முறையை வேரூன்றச் செய்ததற்காக அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீமர் மூவரும் 2019-இல் பொருளாதார நோபல் பெற்றார்கள்.

இப்படி ஒரு ஆய்வைக் கையில் எடுத்தால் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: உதவி கொடுத்து எத்தனை வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தார்கள்?

சிறுகடனில் ஆரம்பிப்போம். வங்கதேசத்தில் சிறுகடனைப் பரப்பிய முகமது யூனுஸுக்கும் அவருடைய கிராமீன் வங்கிக்கும் 2006-இல் அமைதி நோபல் கிடைத்தபோது, வறுமைக்கு மருந்து கிடைத்துவிட்டது என்றே பலர் நம்பினார்கள். 2015-இல் ஆறு நாட்டு ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்தன. கடன் கெடுதல் செய்யவில்லை; ஆனால் சராசரிக் குடும்பத்தின் வாழ்க்கை பெரிதாக மாறவும் இல்லை. அவற்றில் ஒன்று ஹைதராபாத்தில் 104 குடியிருப்புப் பகுதிகளில் நடந்தது. கடன் நிறுவனம் கிளை திறந்த பகுதிகளிலேயே ஒன்றரை வருஷத்துக்குள் கடன் வாங்கியிருந்தவை நான்கில் ஒரு குடும்பம் அளவுக்குத்தான். ஆறு வருஷம் கழித்துப் பார்த்தபோது ஒரு கூட்டம் மட்டும் நன்றாகவே முன்னேறியிருந்தது. கடன் வருவதற்கு முன்பே சொந்தத் தொழில் செய்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். ஆக, ஏற்கெனவே கடை வைத்திருப்பவருக்குக் கடன் கை கொடுக்கும். இல்லாதவரை முதலாளி ஆக்கிவிடும் என்று எதிர்பார்ப்பது வீண்.

அடுத்தது மாடு. கடன் வாங்கவே பயப்படும் பரம ஏழைகளுக்கென்று வங்கதேசத்தின் பிராக் அமைப்பு 2002-இல் தொடங்கிய முறை இது. கால்நடையோ சிறு வியாபாரத்துக்கான சரக்கோ தருவார்கள்; அவசரத்துக்கு அதை விற்றுவிடாமல் இருக்கச் சில மாதம் சாப்பாட்டுச் செலவுக்கும் பணம் தருவார்கள். அப்புறம் பயிற்சி, சேமிப்பு, வீடு தேடி வரும் ஊழியர். எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் இதைச் சோதித்தார்கள். உதவி நின்று ஒரு வருஷம் ஆன பிறகும் பெரும்பாலான நாடுகளில் அவர்கள் கூடுதலாகச் செலவழித்துச் சாப்பிட்டார்கள். மேற்கு வங்கத்தில் பத்து வருஷம் கழித்துப் பார்த்தபோதும் அந்த ஏற்றம் கலையவில்லை. மூன்று வழிகளில் இத்தனை காலம் தாங்கியதற்குத் தெளிவான சான்று இதற்குத்தான் இருக்கிறது.

ஆனால் ஹோண்டுராஸில் பெரும்பாலானோர் கோழி வாங்கினார்கள், நோய் வந்து ஏராளமான கோழிகள் செத்துப்போயின, கையில் சொத்து நிற்கவில்லை. அந்த நாட்டுக் கோழிகளுக்கு எது ஒத்துவரும் என்பதைப் பக்கத்துக் கண்டத்து ஆய்வு சொல்லாது. சரி, ஆட்டை மட்டும் கொடுத்துவிட்டு மற்றதையெல்லாம் வெட்டிவிட்டால் செலவு குறையுமே? கானாவில் அதையும் செய்து பார்த்தார்கள். ஆடு மட்டும் பெற்றவர்களிடம் நிலைத்த பலன் எதுவும் தெரியவில்லை. செலவில் கணிசமான பங்கை விழுங்குவது ஊழியரின் சம்பளமும் பயணமும் மேற்பார்வையும்தான். நிதி குறைந்தால் அதிகாரி முதலில் கை வைப்பதும் அதில்தான்.

கைக்காசுக்கு வழக்கமான எதிர்ப்பு, குடித்துத் தீர்த்துவிடுவார்கள் என்பது. கென்யாவின் ராரியெடா பகுதியில் புல் கூரை வீட்டுக்காரர்களுக்கு 2011 முதல் கைபேசி வழியாகப் பணம் அனுப்பினார்கள். மது, புகையிலைச் செலவு கூடவில்லை. மாதாமாதம் பெற்றவர்கள் சாப்பாட்டுக் கவலையைக் குறைத்துக்கொண்டார்கள். மொத்தமாகப் பெற்றவர்களின் பணம் தகரக் கூரை போன்ற நீடித்த பொருள்களுக்குப் போனது. கூரையா சோறா என்பதைப் பணம் தரும் விதமே பாதி தீர்மானித்துவிடுகிறது! பின்னால் அதே நாட்டில் 653 கிராமங்களில் நடந்த ஆய்வில், கொடுத்த ஒரு டாலருக்கு உள்ளூர்ப் பொருளாதாரம் ஏறக்குறைய இரண்டரை டாலர் வளர்ந்தது. விலைவாசி ஏறியதாகவே சொல்ல முடியாது.

உகாண்டா விஷயம்தான் என்னை நீண்ட நேரம் யோசிக்க வைத்தது. தொழில் தொடங்க 2008-இல் பணம் பெற்ற இளைஞர்களின் வருமானம், நான்கு வருஷம் கழித்துப் பெறாதவர்களைவிட 38 சதவீதம் கூடுதல். ஒன்பது வருஷம் கழித்து வருமானத்தில் அந்த இடைவெளி ஏறக்குறைய மறைந்துவிட்டது. வாங்கியவர்கள் சறுக்கவில்லை, வாங்காதவர்கள் மெல்ல எட்டிப் பிடித்துவிட்டார்கள். இதைத் தோல்வி என்று எழுதுபவர்கள் உண்டு. இடையில் நன்றாகச் சம்பாதித்த வருஷங்கள் கணக்கில் வராதா என்ன?

நிபந்தனை வைப்பதா என்பது தனிச் சண்டை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால்தான் பணம் என்று மெக்சிகோ 1997-இல் தொடங்கி, 506 கிராமங்களில் சோதித்தும் பார்த்தது. சேர்க்கை கூடியது. மலாவியில் நிபந்தனையோடு கொடுப்பதையும் நிபந்தனையில்லாமல் கொடுப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, பெண் பிள்ளைகளைப் பள்ளியில் நிறுத்த நிபந்தனைதான் அதிகம் உதவியது. சிறுவயதுத் திருமணத்தையும் கர்ப்பத்தையும் குறைத்தது நிபந்தனையற்ற பணம். காரணம், படிப்பை விட்டுவிடும் பெண்ணுக்கு நிபந்தனைத் திட்டத்தில் கிடைப்பது ஒன்றுமில்லை.

என்னிடம் கேட்டால், ஊழியர்கள் உண்மையிலேயே வீடு வீடாகப் போவார்கள் என்ற இடத்தில், அடிமட்டக் குடும்பங்களுக்கு மாட்டுத் திட்டம். தொழில் ஓடிக்கொண்டிருப்பவருக்குக் கடன். மற்றபடி பணம், மற்ற திட்டங்களை நிறுத்துப் பார்க்கும் எடைக்கல்லும் அதுவே. ஒரு பயிற்சித் திட்டத்துக்கு ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு செலவாகிறது என்றால், அதே தொகையைக் கையில் கொடுத்தால் கிடைப்பதைவிட அது கூடுதலாக என்ன செய்கிறது என்று காட்டட்டும்.

ருவாண்டாவில் ஒரு ஊட்டச்சத்துத் திட்டத்தை இப்படியே நிறுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய ஒரு வருஷத்தில் அந்தத் திட்டமும் சரி, அதே செலவுக்குச் சமமாகக் கொடுத்த பணமும் சரி, குழந்தைகளின் உடல் வளர்ச்சியை அசைக்கவில்லை. அதே ஆய்வில் 500 டாலருக்கு மேல் பெற்ற வீடுகளில் அது கொஞ்சம் உயர்ந்திருந்தது.