இரண்டரை வருடமாக ஏஐயோடு சட்ட வேலை: என் அனுபவம்

சட்ட ஆய்வுக்கும் மனு எழுதவும் ஏஐ கருவிகளைப் பயன்படுத்தத் தொடங்கி இரண்டரை வருடம் ஆகிறது. எனக்கு வருவது பெரும்பாலும் சிவில் வழக்குகள்: சொத்து, ஒப்பந்தம், கொஞ்சம் குடும்ப வழக்குகள். இரண்டு வகைக் கருவிகளோடும் பழகியிருக்கிறேன். ஒன்று, யாரும் திறந்து பேசக்கூடிய பொது அரட்டைக் கருவி. மற்றது, தீர்ப்புத் தொகுப்போடு இணைந்த, சந்தா கட்டி வாங்கும் சட்டக் கருவி. வாங்கலாமா, எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று சக வழக்கறிஞர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் பாதி பாதியாகச் சொல்லி வந்ததை இங்கே முழுசாக எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மறுநாள் எழுத்துபூர்வ வாதம் தாக்கல் செய்ய வேண்டும். கிரய ஒப்பந்தத்தில் சொன்ன தேதிக்குள் மீதிப் பணத்தைக் கட்டவில்லை என்றால் ஒப்பந்தம் தானாகவே முடிந்துவிடுமா என்பது பிரச்சினை. முடிந்துவிடும் என்பது என் தரப்பு. சட்டக் கருவியிடம் கேட்டேன், ஒரு தீர்ப்பைக் கொடுத்தது. தேடிப் பார்த்தேன், அப்படி ஒரு தீர்ப்பு இருந்தது. சைட்டேஷன் (தீர்ப்பு எந்தத் தொகுப்பில், எந்தப் பக்கத்தில் என்று காட்டும் குறிப்பு) சரி, தரப்பினர் பெயர் சரி, பத்தி எண்ணும் சரி. மேற்கோள் காட்டிய வாக்கியம் எழுத்துக்கு எழுத்து அந்தப் பத்தியில் இருந்தது. மணி பத்தரை. சரி, இது போதும் என்று மூடப் போனவன், எதற்கும் மேலே இருந்து ஒருமுறை வாசிப்போமே என்று பக்கத்தை நகர்த்தினேன். நாலு பத்திக்கு மேலே ஒரு வரி: "மேல்முறையீட்டாளரின் வழக்கறிஞர் வாதிட்டதாவது."

அந்த வரிக்குக் கீழே வந்த எல்லாமே, நான் நகலெடுத்து வைத்திருந்த வாக்கியம் உட்பட, தோற்றுப்போன தரப்பின் வாதம். நீதிபதி அதைப் பதிவு செய்திருந்தார், அவ்வளவுதான். ஒன்பது பக்கம் தள்ளி, அந்த வாதத்தை ஏற்க முடியாது என்று நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருந்தது. என் கட்சிக்காரருக்கு நேர் எதிரான தீர்ப்பைச் சாதகமான தீர்ப்பு என்று சொல்லித் தாக்கல் செய்யவிருந்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து மீதிப் பக்கங்களை வாசித்திருந்தால், நீதிமன்றத்தை ஏமாற்றப் பார்த்தேன் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். கருவி கொடுத்தது என்று விளக்கம் சொல்லித் தப்பித்திருக்க முடியாது. கீழே இருப்பது என் கையெழுத்து.

ஏஐ என்றாலே எல்லோரும் இல்லாத வழக்குகளைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நியூயார்க்கின் மாட்டா எதிர் ஏவியாங்கா வழக்கு பலருக்கும் தெரிந்திருக்கும். விமானத்தில் பரிமாறும் தள்ளுவண்டி முழங்காலில் இடித்ததற்கு இழப்பீடு கேட்ட சாதாரண வழக்கு அது. சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிய தீர்ப்புகளை வாதியின் வழக்கறிஞர்கள் தாக்கல் செய்துவிட்டார்கள். 2023 ஜூனில் நீதிபதி கெவின் காஸ்டல் 5,000 டாலர் அபராதம் விதித்தார். அந்தப் பொய்த் தீர்ப்புகளை எழுதியதாகக் காட்டப்பட்ட நீதிபதிகளுக்கு விவரம் சொல்லிக் கடிதம் அனுப்பவும் உத்தரவிட்டார். இதில் என் மனதில் தங்கிய விஷயம் வேறு. அந்த வழக்கறிஞர் சந்தேகப்பட்டு, இது உண்மையான வழக்குதானா என்று அதே கருவியிடம் கேட்டிருக்கிறார். ஆமாம் என்று அது பதில் சொல்லியிருக்கிறது. சாட்சியை அவர் வாக்குமூலத்தை வைத்தே சரிபார்ப்பது போலத்தான் இது.

ஆனால் இல்லாத வழக்கைப் பிடிப்பது சுலபம். தேடினால் கிடைக்காது, இரண்டு நிமிட வேலை. இருக்கிற தீர்ப்பு, சொல்லாத ஒன்றைச் சொன்னதாக வந்து நிற்பதுதான் ஆபத்து. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2024-இல் சட்டத்துக்கென்றே விற்கப்படும் கருவிகளைச் சோதித்தபோது, ஆறு கேள்விக்கு ஒன்றிலாவது பிழையான பதில் வந்தது. உண்மையான தீர்ப்பைக் காட்டி அதில் இல்லாத கருத்தை அதன் தலையில் ஏற்றுவதையும் அவர்கள் பிழையாகவே கணக்கிட்டார்கள். சந்தா கட்டுகிறோம், அதனால் நம்பலாம் என்று இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த இரவு நான் மாட்டிக்கொள்ளப் பார்த்ததும் அப்படிச் சந்தா கட்டிய கருவியால்தான்.

அந்த இரவுக்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். கருவி எந்தத் தீர்ப்பைக் கொடுத்தாலும் முழுத் தீர்ப்பையும் மூலத்திலிருந்து இறக்கி, பிரச்சினை தொடங்கும் இடத்திலிருந்து முடிவு வரை நானே வாசிக்கிறேன். யார் பேசுகிறார் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்கிறேன்: வாதி, பிரதிவாதி, கீழமை நீதிமன்றம், பெரும்பான்மை, மாறுபட்ட தீர்ப்பு. பிறகு அந்தத் தீர்ப்பு மேல்முறையீட்டில் மாறியதா, இன்றும் நிற்கிறதா என்று தொகுப்பில் தனியாகப் பார்க்கிறேன். இப்படிச் செய்தால் ஏஐ மிச்சம் பிடித்த நேரத்தில் பாதி போய்விடுகிறது. மீதிப் பாதி எனக்குப் போதும்.

அடுத்தது ரகசியம். ஒருநாள் என் ஜூனியர் ஒரு விவாகரத்து வழக்கின் கோப்பில் இருந்த விவரங்களை அப்படியே இலவச அரட்டைக் கருவியில் ஒட்டி, சுருக்கம் கேட்டிருந்தார். பெயர்கள், குழந்தை படிக்கும் பள்ளி, ஒரு மருத்துவ அறிக்கை, எல்லாம் அதில் இருந்தன. அவரைத் திட்டவில்லை, சொல்லிக்கொடுக்காதது என் தவறு. அந்த உரையாடலை அழித்தோம். கட்சிக்காரரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "அது இப்போ எங்கே இருக்கும் சார்?" என்னிடம் பதில் இல்லை.

இப்போது பொதுக் கருவியில் கட்சிக்காரரின் ஆவணம் எதுவும் போவதில்லை. பெயரை மட்டும் மாற்றிவிட்டுப் போடுவதும் போதாது. தொழில், தேதி, தொகை மூன்றும் சேர்ந்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். சட்டக் கேள்வியை மட்டும் பிரித்தெடுத்துக் கேட்கிறேன். ஆவணத்தையே உள்ளே விட வேண்டியிருந்தால், உள்ளிடுவதைச் சேமிக்கவும் பயிற்சிக்கு எடுக்கவும் மாட்டோம் என்று எழுத்தில் ஒப்புக்கொண்ட கருவியில் மட்டும், அதுவும் கட்சிக்காரரிடம் விளக்கிச் சம்மதம் வாங்கிய பிறகு. அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 2024 ஜூலையில் வெளியிட்ட 512-ஆம் எண் கருத்துரையும் இதையே சொல்கிறது: உள்ளிடுவதிலிருந்து கற்றுக்கொள்ளும் கருவி என்றால் விவரம் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும், வக்காலத்தோடு சேர்த்துப் பொதுவாக ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்வது செல்லாது.

கட்டணத்தைப் பற்றியும் அந்தக் கருத்துரை நேராகப் பேசுகிறது. மணிக்கணக்கில் கட்டணம் வாங்குபவர் உண்மையில் செலவிட்ட நேரத்துக்குத்தான் வாங்கலாம். முன்பு நாலு மணி நேரம் எடுத்த டிராஃப்ட் இப்போது சரிபார்ப்பையும் சேர்த்து ஒன்றரை மணி நேரத்தில் முடிகிறது என்றால், பில்லில் ஒன்றரைதான் வர வேண்டும். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

எழுத்து வேலையில் நான் முழுசாக நிறுத்திவிட்டது ஒன்று உண்டு: சாட்சியின் பிரமாணப் பத்திரம். ஒரு வயதான அம்மா என்னிடம் சொன்னது, "நான் போனப்போ கதவு திறந்து கிடந்தது." நான் எடுத்திருந்த குறிப்புகளை, பெயர்களை நீக்கிவிட்டு, கொஞ்சம் ஒழுங்குபடுத்தச் சொல்லிக் கொடுத்தேன். திரும்பி வந்த டிராஃப்டில் "கதவு வலுக்கட்டாயமாகத் திறக்கப்பட்டிருந்ததைக் கண்டேன்" என்று இருந்தது. நடை அழகாகத்தான் இருந்தது. ஆனால் அவர் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகச் சத்தியம் செய்ய வைக்கிறது அந்த ஒரு சொல். குறுக்கு விசாரணையில் அந்த அம்மா கூண்டில் நின்று தடுமாறியிருப்பார். சாட்சி சொன்னதை சாட்சியின் சொற்களிலேயே நான்தான் எழுதுகிறேன்.

தமிழ் ஆவணங்களை மொழிபெயர்ப்பதிலும் இதே கதை. பழைய பத்திரத்தில் "சுவாதீனத்தில் இருந்து வருகிறார்" என்று இருந்ததை உரிமையாளர் என்ற பொருளில் மாற்றிக் கொடுத்தது. சுவாதீனம் என்பது சொத்தைக் கைவசம் வைத்திருப்பது; அது வேறு, உரிமை வேறு. அந்த வேறுபாட்டுக்காகத்தான் அந்த வழக்கே நடந்துகொண்டிருந்தது.

சரி, நல்லது எதுவுமே இல்லையா? நிறைய இருக்கிறது. எனக்கு அதிகம் பயன்படுவது, எதிர்த்தரப்பாக நின்று என் வாதத்தை உடைக்கச் சொல்வது. "என் வாதம் வலுவானதா" என்று கேட்டால் வலுவானது என்று சொல்லும். தரப்பை மாற்றிக் கேட்டால் அதையும் வலுவானது என்று சொல்லும். அதனால் அப்படிக் கேட்பதையே விட்டுவிட்டேன். "நீ எதிர்த்தரப்பு வழக்கறிஞர், இதில் எங்கே அடிப்பாய்" என்று கேட்டால் ஏழெட்டு ஓட்டைகளைக் காட்டும். பாதி ஒன்றுக்கும் உதவாது, ஒன்றிரண்டு நிஜமாகவே நான் பார்க்காமல் விட்டவை. எனக்கு எதிரான தீர்ப்புகளை முன்கூட்டியே தேடிக் கண்டுபிடிக்கவும் இது உதவுகிறது. நம்மைக் கட்டுப்படுத்தும் பாதகமான தீர்ப்பை மறைக்காமல் நீதிமன்றத்தின் முன் வைத்து, இந்த வழக்கு அதிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று சொல்வது நம் கடமை. அதற்கு முதலில் அது கையில் கிடைக்க வேண்டுமே. அப்புறம், நீண்ட ஒப்பந்தத்தில் ஒன்றுக்கொன்று முரண்படும் ஷரத்துகளைக் காட்டித் தருவதிலும் நன்றாக வேலை செய்கிறது.

இப்போதெல்லாம் கட்சிக்காரர்களே ஏஐயிடம் கேட்டு, தீர்ப்புப் பட்டியலோடு வருகிறார்கள். ஆர்வத்தோடு தேடி வருபவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பட்டியலை வாங்கி அப்படியே மனுவில் சேர்க்கக் கூடாது. 2025 ஜூனில் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் விசாரித்த அல்-ஹாரூன் விவகாரம் இதுதான். தாக்கல் செய்த 45 மேற்கோள்களில் 18 வழக்குகள் உலகத்திலேயே இல்லை. கட்சிக்காரர் செய்த ஆய்வை அவருடைய வழக்கறிஞர் சரிபார்க்காமல் நம்பியிருந்தார். கட்சிக்காரர் கொடுத்தார் என்ற விளக்கம் அங்கே எடுபடவில்லை.

இந்த வருடமும் சந்தாவைப் புதுப்பித்திருக்கிறேன். ஜூனியருக்கு மட்டும் ஒரு நிபந்தனை: முதல் டிராஃப்டைத் தானே எழுத வேண்டும், அதற்குப் பிறகுதான் கருவியைத் திறக்கலாம். முதல் வருடத்திலேயே அதன் மேல் சாய்ந்துவிட்டால் தீர்ப்பை வாசிக்கும் கண் பழகாது. போன வாரம் அவர் கருவி கொடுத்த ஒரு தீர்ப்பை அச்செடுத்து என் மேசையில் வைத்திருந்தார். மேற்கோள் வந்த பத்தியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு: "இது வாதம், முடிவு இல்லை. 31-ஆம் பத்தியைப் பார்க்கவும் சார்."