பக்கவாதத்துக்குப் பிறகு பிரஷர் மாத்திரையும் தலைசுற்றலும்: என் நாலரை வருட அனுபவம்

முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தேன். கும்பகோணம் - மன்னார்குடி தடத்திலேயே பாதி ஆயுள் போயிற்று. பிரஷர் இருப்பது பத்து வருடமாகத் தெரியும். தலைவலி வந்தால் மட்டும் மாத்திரை போடுவேன், வலி நின்றதும் நிறுத்திவிடுவேன். 2020 நவம்பரில், ஓய்வு பெற்ற அதே வருடம், காலையில் காபி டம்ளர் இடது கையிலிருந்து நழுவி விழுந்தது. வாய் கோணியிருந்ததை என் மனைவிதான் முதலில் பார்த்தாள். வாயுப் பிடிப்பு என்று ஆளாளுக்குச் சொல்லித் தைலம் தேய்த்ததில், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஆறு மணி நேரம் ஆகிவிட்டது. அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டுமாம்.

கை, கால் பிசியோதெரபியில் பெரும்பாலும் திரும்பி வந்துவிட்டன. பெரிய போராட்டமாக இருந்தது தலைசுற்றல்தான்.

வீட்டுக்கு வரும்போது ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, பிரஷருக்கு டெல்மிசார்டான் 40, அம்லோடிபின் 5 கொடுத்தார்கள். முதல் மூன்று வாரம் தலை பஞ்சு மாதிரி இருந்தது. பிரஷர் 170-லிருந்து 130-க்கு வந்திருந்தது. பல வருடம் அதிகப் பிரஷரிலேயே ஓடிய மூளை அதற்குப் பழகிவிட்டிருக்கும், சரியான அளவுக்கு வரும்போது அதற்கே குறைவாகத் தோன்றும், பழகக் கொஞ்ச நாள் ஆகும் என்று டாக்டரம்மா சொன்னார். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. மாத்திரையால்தான் சுற்றுகிறது என்று நானே முடிவு செய்து பத்து நாள் நிறுத்தினேன். தலை லேசானது உண்மைதான். பதினோராம் நாள் பார்த்தபோது பிரஷர் 178/104.

என் மகள் நர்ஸ். அன்றைக்குத் திட்டவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினாள். 2001-இல் வெளியான ப்ராக்ரஸ் என்ற ஆய்வில், ஏற்கெனவே பக்கவாதமோ, வந்து தானாகவே மறையும் சிறு பக்கவாதமோ வந்த 6,105 பேர் இருந்தார்கள். பிரஷர் மாத்திரை எடுத்தவர்களிடம் மறுபடி பக்கவாதம் வருவது 28 சதவீதம் குறைந்திருந்தது. "சுத்துதுன்னா சொல்லுங்கப்பா, மாத்திரைய மாத்தலாம், அளவக் குறைக்கலாம். நீங்களா நிறுத்தாதீங்க" என்றாள். அன்றிலிருந்து ஒரு வேளைகூட நானாக விட்டதில்லை. இன்னொரு மாதத்தில் அந்தப் பஞ்சு உணர்வும் தானாகவே போய்விட்டது.

2022-இல் அம்லோடிபினால் கணுக்கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. சில்னிடிபின் 10 என்று மாற்றினார்கள், வீக்கம் வடிந்தது. பிரஷர் மட்டும் 145-க்குக் கீழே வரவில்லை. எனக்கு 130/80-க்குக் கீழே வேண்டும் என்று சொல்லி, ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 சேர்த்தார்கள். உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரை அது.

2023 மே மாதம்தான் நான் விழுந்தேன். அதை விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்படி விழுந்தவர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர் இருக்கிறார்கள். இரவு மூன்று மணி, சிறுநீர் முட்டிக்கொண்டு வந்தது. கட்டிலிலிருந்து சட்டென்று எழுந்து நாலு அடி வைத்தேன். ஓரத்திலிருந்து கண் இருட்டிக்கொண்டு வந்தது, காதில் இரைச்சல், கால் துவண்டுவிட்டது. பாத்ரூம் வாசற்படியில் புருவம் இடித்து மூன்று தையல். திரும்பவும் ஸ்ட்ரோக் வந்துவிட்டது என்றுதான் வீட்டில் எல்லோரும் அழுதார்கள். ஸ்கேனில் புதிதாக ஒன்றும் இல்லை.

டாக்டரம்மா கேட்ட கேள்வி இன்னும் நினைவில் இருக்கிறது. "ஐயா, எது சுத்துது? வீடு சுத்துதா, கண்ணு இருட்டுதா, இல்ல நடக்கும்போது தள்ளாடுதா?" அதுவரை எல்லாவற்றையும் "தலை சுத்துது" என்ற ஒரே சொல்லில்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஐந்து நிமிடம் உட்காரவைத்துப் பார்த்தார்: 126/78. நிற்கவைத்து ஒரு நிமிடத்தில் மறுபடி பார்த்தார்: 102/66. மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினாலே அது நிற்கும்போது பிரஷர் இறங்கும் கோளாறு என்றார். இரண்டரை வருடமாக என் பிரஷரை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார்கள், எல்லாமே உட்கார்ந்த நிலையில்தான். நிற்கவைத்துப் பார்த்தது அன்றுதான் முதல் முறை.

காரணம் ஒன்றல்ல, மூன்று. விழுவதற்கு இரண்டு மாதம் முன்பு சிறுநீர் சரியாகப் போகவில்லை என்று வேறொரு டாக்டரிடம் போயிருந்தேன். ப்ராஸ்டேட் வீக்கம் என்று டாம்சுலோசின் எழுதிக்கொடுத்தார். அது யூரின் மாத்திரை, இதற்கும் பிரஷருக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்து இங்கே சொல்லவே இல்லை. ஆனால் அந்த வகை மாத்திரை எழுந்து நிற்கும்போது பிரஷரை இறக்கக்கூடியது. அப்புறம், இரவில் எழுந்திருக்கப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டேன். கத்திரி வெயிலில் வேர்வையாகப் போனது போக, மிச்சத்தை நீரை வெளியேற்றும் மாத்திரை கொண்டுபோனது. ரத்தத்தில் சோடியம் 131 இருந்தது, 135-க்குக் குறையக்கூடாது.

நீரை வெளியேற்றும் அந்த ஹைட்ரோகுளோரோதயசைடை நிறுத்தினார்கள். இரண்டு டாக்டர்களும் போனில் பேசிக்கொண்டார்கள், டாம்சுலோசின் தொடரலாம் என்று முடிவானது. இரண்டு வாரத்தில் நிற்கும்போது 116/72 வந்துவிட்டது. ஆகவே எந்த டாக்டரிடம் போனாலும் வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சளிக்கு, தூக்கத்துக்கு வாங்கியதுகூட.

எழுந்திருக்கும் முறையையும் மாற்றிக்கொண்டேன். படுத்தபடியே பாதத்தை இருபது தடவை மேலும் கீழும் ஆட்டுவேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு நிமிடம். பிறகு எழுந்து, கட்டில் பக்கத்தில் மனைவி போட்டுவைத்திருக்கும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம். அப்புறம்தான் முதல் அடி. இரவுக்கு ஒரு சிறுநீர்ப் பாத்திரத்தைக் கட்டிலடியிலேயே வைத்துக்கொண்டேன். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

போன வருடம் படுக்கையில் வலது பக்கம் புரண்டபோது மின்விசிறி, உத்தரம் எல்லாம் சுழன்றன. அரை நிமிடத்தில் நின்றது, புரண்டால் மறுபடி சுழன்றது. இந்த முறை "வீடு சுத்துது" என்று சரியாகச் சொல்ல முடிந்தது. காதுக்குள் இருக்கும் துகள் இடம் மாறியதால் வந்தது. காது டாக்டர் தலையைத் திருப்பித் திருப்பிப் படுக்கவைத்தே சரிசெய்தார், பிரஷர் மாத்திரையில் யாரும் கைவைக்கவில்லை. ஆனால் திடீர்த் தலைசுற்றலோடு பேச்சு குழறினாலோ, ஒரு பக்கம் பலம் குறைந்தாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, நடக்கவே முடியாவிட்டாலோ எது சுற்றுகிறது என்று யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். என் ஆறு மணி நேரம் இன்னொருவருக்கு வர வேண்டாம்.

வேலையில் இருந்தபோது ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் வே பில் (டிக்கெட் கணக்குத் தாள்) எழுதிய பழக்கம் இப்போது உதவுகிறது. ஒரு நோட்டில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். காலை மாத்திரைக்கு முன், காபிக்கும் முன், சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் உட்கார்ந்து, கையை மேசைமேல் நெஞ்சு உயரத்துக்கு வைத்துப் பார்ப்பேன். பிறகு நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும். வாரம் இரண்டு நாள் போதும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். நோட்டில் அந்த வரியின் கடைசிக் கட்டத்தில் தலை எப்படி இருந்தது என்று ஒரு சொல் எழுதுவேன்: இருட்டு, சுழல், தள்ளாட்டம், தெளிவு.

நேற்றைய வரி: உட்கார்ந்து 128/76. நின்று ஒரு நிமிடம் 118/74. மூன்று நிமிடம் 122/74. தெளிவு.