யாகுல்ட்: வயிற்றுக்குச் சரி, மனசுக்கு?

சூப்பர் மார்க்கெட்டில் தயிர், வெண்ணெய் இருக்கும் குளிர்பெட்டியில் ஐந்தைந்தாகக் கட்டி வைத்திருக்கும் சின்ன பாட்டில்தான் யாகுல்ட், நன்மை செய்யும் பாக்டீரியா கலந்த புளித்த பால் பானம். ஒன்று 65 மில்லி, நாலு மடக்கில் தீர்ந்துவிடும். இந்தியச் சந்தைக்கு ஹரியானாவின் சோனிபத்தில் தயாராகிறது. செரிமானத்துக்கென்று வாங்குபவர்களோடு, படபடப்பு குறையும், தூக்கம் வரும் என்று நம்பி வாங்குபவர்களும் இருக்கிறார்கள். அந்த இரண்டாவது நம்பிக்கைக்கு இந்தப் பாட்டில் எவ்வளவு தாங்கும் என்பதுதான் இங்கே கேள்வி.

முதலில் பாட்டிலில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள்: 650 கோடி பாக்டீரியா. எல்லாம் ஒரே வகை, லாக்டோபேசில்லஸ் கேசி ஷிரோட்டா. ஜப்பானிய மருத்துவர் மினோரு ஷிரோட்டா 1930இல் தேர்ந்தெடுத்து வளர்த்தது. 1935இல் பானமாக விற்பனைக்கு வந்தது. இரைப்பை அமிலத்தையும் பித்தநீரையும் தாண்டி உயிரோடு குடலுக்குப் போய்ச் சேரும் என்பது இதன் பெரிய பலம். அதில் சந்தேகமில்லை.

மனநலம் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஜப்பானில் நடந்த ஆய்வுகளிலிருந்து வருகிறது. டோகுஷிமா பல்கலைக்கழக மருத்துவ மாணவர்கள் பெரிய தேர்வுக்கு முந்தைய 8 வாரங்கள் இதே பாக்டீரியா கலந்த பாலைத் தினமும் குடித்தார்கள். தேர்வுக்கு முந்தைய நாள், வெறும் பாலைக் குடித்தவர்களின் உமிழ்நீரில் மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் கூடியது, இவர்களுக்குக் கூடவில்லை. வயிற்று உபாதைகளும் குறைவு. இன்னொரு ஆய்வில், தேர்வு நெருங்க நெருங்க மற்றவர்களுக்குக் குறைந்த ஆழ்ந்த உறக்கம் இவர்களுக்குக் குறையாமல் நின்றது. ஆய்வுக் குழுவில் யாகுல்ட் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்களும் இருந்தார்கள் என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் முடிவுகள் ஒதுக்கித் தள்ளக்கூடியவை அல்ல.

சிக்கல் அளவில் இருக்கிறது. அந்த மாணவர்கள் குடித்தது 100 மில்லி, மில்லிக்கு 100 கோடி, ஆக மொத்தம் 10,000 கோடி. ஜப்பானில் மன அழுத்தத்துக்கும் உறக்கத்துக்கும் என்று சொல்லி விற்கும் யாகுல்ட் 1000இல் இருப்பதும் அதே அளவுதான். (அந்த வாசகம் நிறுவனம் அரசிடம் அறிவித்துவிட்டு அச்சிடுவது, அரசு சோதித்துக் கொடுத்த சான்று அல்ல.) நம் ஊர் பாட்டிலில் மில்லிக்கு 10 கோடிதான். அந்த அளவை எட்ட ஒரு நாளைக்குச் சுமார் 15 பாட்டில் குடிக்க வேண்டும். ஒரு பாட்டிலில் 50 கலோரி, சர்க்கரை பத்து கிராம் அளவில். பதினைந்துக்கு 150 கிராம் சர்க்கரை ஆகிவிடும்! தயவுசெய்து யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.

சரி, இந்த 65 மில்லி அளவிலேயே யாராவது சோதித்தார்களா? சோதித்தார்கள். பிரிட்டனில் உள்ள வேல்ஸில், ஸ்வான்சி பல்கலைக்கழகத்தில், 2007இல் வெளியானது. நூற்றுச் சொச்சம் பேர், சராசரி வயது அறுபதைத் தாண்டியவர்கள், மூன்று வாரம் தினம் ஒரு பாட்டில்: சிலருக்கு யாகுல்ட், மற்றவர்களுக்கு பாக்டீரியா இல்லாத பானம். மொத்தமாகப் பார்த்தால் மனநிலையில் மாற்றம் எதுவும் இல்லை. ஆரம்பத்திலேயே மனம் சோர்ந்திருந்த மூன்றில் ஒரு பங்கினர் மட்டும் கொஞ்சம் மகிழ்ச்சியாக உணர்ந்ததாகச் சொன்னார்கள். நினைவாற்றல் சோதனைகளில் இரண்டில் யாகுல்ட் குடித்தவர்கள் சற்றுப் பின்தங்கினார்கள். அது தற்செயலாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். நல்ல செய்தியை மட்டும் எடுத்துப் பகிர்கிறவர்கள் இந்த வரியை விட்டுவிடுகிறார்கள்.

"செரட்டோனினில் 90 சதவீதம் குடலில்தான் உண்டாகிறது" என்ற வாசகத்தையும் விளம்பரங்களில் அடிக்கடி பார்க்கலாம். (செரட்டோனின் என்பது மனநிலையோடு தொடர்புடைய ஒரு ரசாயனம்.) உண்மைதான். ஆனால் குடலில் உண்டாகும் செரட்டோனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைவதில்லை. குடலும் மூளையும் பேசிக்கொள்வது இரண்டையும் இணைக்கும் வேகஸ் நரம்பு, நோய் எதிர்ப்பு மண்டலம், பாக்டீரியா வெளிவிடும் சிறு அமிலங்கள் வழியாக. எலியில் பலித்தது மனிதரிடம் பலிக்கும் என்றும் இல்லை: ஜேபி-1 என்ற லாக்டோபேசில்லஸ் 2011இல் எலிகளின் பதற்றத்தைக் குறைத்தது, 2017இல் 29 ஆண்களுக்குக் கொடுத்தபோது ஒன்றும் நடக்கவில்லை.

வாங்கும்போது கடையின் பிரிட்ஜைக் கவனியுங்கள். 10 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டிய பொருள் இது. கரண்ட் பில்லுக்குப் பயந்து இரவில் பிரிட்ஜை அணைக்கும் கடையில் வாங்காதீர்கள். சூடு ஏறினால் பாக்டீரியா சர்க்கரையைத் தின்று அமிலம் சேர்க்கும், அந்த அமிலத்திலேயே தானும் சாகும். வழக்கத்தைவிடப் புளிப்பு தூக்கலாக இருந்தால் காரணம் அதுதான். மூடித் தாள் உப்பியிருந்தால் வேண்டாம், ஈஸ்ட் போன்ற வேறு ஏதோ உள்ளே புகுந்திருக்கலாம். அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பது பால் புரதம், குலுக்கினால் கலந்துவிடும். பிரீசரில் வைக்காதீர்கள். சூடான எதிலும் கலக்காதீர்கள்.

ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறவர்கள் மாத்திரைக்கும் இதற்கும் குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு இது ஏற்றதல்ல. சர்க்கரை குறைந்த லைட் வகை உண்டு, அதையும் கணக்கில் சேர்த்துத்தான் குடிக்க வேண்டும். பால் ஒவ்வாமை உள்ளவர்கள் தொடக்கூடாது. கீமோ சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. உயிருள்ள பாக்டீரியா அவர்களுக்கு நோய்த்தொற்றாகவே மாறலாம்.

இந்த பாக்டீரியா குடலில் குடியேறுவதும் இல்லை. நிறுத்தினால் சில நாட்களில் கழிந்துவிடும். 2019இல் பெல்ஜியத்தின் லூவன் குழு மனச்சோர்வு உள்ளவர்களிடம் குறைந்திருப்பதாகக் கண்ட கோப்ரோகாக்கஸ், டயலிஸ்டர் என்ற குடல் பாக்டீரியாக்கள் இரண்டும் எந்த யாகுல்ட் பாட்டிலிலும் இல்லை. கோப்ரோகாக்கஸ் போன்றவற்றுக்குத் தீனி நார்ச்சத்து: கொள்ளு, தட்டைப்பயறு, கீரைத்தண்டு, தவிடு நீக்காத தானியம். அதே காசுக்கு இவை வாங்கலாம் என்பதுதான் எங்கள் தீர்ப்பு. வீட்டுத் தயிரில் என்ன பாக்டீரியா, எத்தனை கோடி என்று யாரும் எண்ணிச் சொல்ல முடியாது. ஆனால் கூடுதல் சர்க்கரை கிடையாது.

பார்த்தே தீருவது என்றால் தினம் ஒரு பாட்டில், ஒரே நேரத்தில், நான்கு வாரம். முதல் சில நாள் வயிறு லேசாக உப்பலாம், போகட்டும். மலம் கழிப்பது, தூக்கம், மனநிலை மூன்றையும் தினம் ஒரு வரியாகக் குறித்து வையுங்கள். நான்கு வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றால் நிறுத்திவிடலாம். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் இதை நம்பி அதில் ஒரு வேளையைக்கூட விடக் கூடாது.