ஆறு குளிர்காலம் ஓட்டிய பிறகு: பழைய எஃப்ஆர்-எஸ் வாங்கலாமா?

பழைய இரண்டு கதவுக் கூபே கார் ஒன்று வாங்கலாமா என்று மச்சான் ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவனுக்கு ஃபோனில் துண்டு துண்டாகச் சொன்னதை ஓரிடத்தில் எழுதி வைத்தால் வேறு ஆட்களுக்கும் உதவும் என்று பட்டது. என்னிடம் இருப்பது 2015 சயன் எஃப்ஆர்-எஸ், ஆறு கியர் மனுவல். 2019 செப்டெம்பரில், 71,000 கிலோமீற்றர் ஓடியிருந்தபோது, 17,800 டொலருக்கு வாங்கினேன். இப்போது 143,000 ஓடிவிட்டது. ரொறன்ரோ ஸ்காபரோவில் வீடு, தினமும் 401 நெடுஞ்சாலையில் வேலைக்குப் போய் வருகிறேன். வெயிலோ ஸ்நோவோ, எனக்கு இருப்பது இந்த ஒரு கார்தான்.

தேடத் தொடங்கும்போது பெயரைக் கவனியுங்கள். ரொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து செய்து 2012-இல் வெளிவிட்ட கார் இது. கனடாவில் சயன் எஃப்ஆர்-எஸ், ஐரோப்பாவில் ஜிடி86, சுபாரு பெயரில் பிஆர்இசட். எல்லாம் ஜப்பானின் குன்மா தொழிற்சாலையில் பிறந்தவைதான். 2016-இல் ரொயோட்டா தன் சயன் என்ற பிராண்டையே மூடிவிட்டதால், 2017 மாடல் முதல் இங்கே ரொயோட்டா 86. ஒரு பெயரில் மட்டும் தேடினால் பாதி கார்கள் கண்ணில் படாது.

நான் இரண்டு கார்களைப் பார்த்தேன். முதலாவது மிசிசாகாவில், 2013 மாடல், சிவப்பு. விலை மூவாயிரம் டொலர் குறைவு, படத்தில் அவ்வளவு அழகு. போய்ப் பார்த்தால் ஸ்பிரிங் மாற்றிக் காரைத் தாழ்த்தியிருந்தார்கள், சைலன்சரும் மாற்றியிருந்தது. குனிந்து பின்ரயர்களின் உள்பக்க விளிம்பைக் கையால் தடவினேன். வெளிப்பக்கம் நல்ல தடிப்பாக இருக்க, உள்பக்கம் மொட்டையாகி, கம்பி தெரியும் நிலையில் இருந்தது. அப்புறம் பொனட்டைத் திறந்தேன். ஒரு மூலையில் போல்ட் தலைகளில் பெயின்ட் உரிந்திருந்தது. யாரோ பலமுறை கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள். என்ன வேலை செய்தது என்று கேட்டதற்கு விற்பவரிடம் ஒரு ரசீதும் இல்லை.

அதுவும் 2013 மாடல். வால்வு ஸ்பிரிங் முறியக்கூடும் என்று 2018 இறுதியில் கம்பனி திருப்பி அழைத்தவை 2013 மாடல் கார்கள்தான். எஞ்சினை இறக்கிச் செய்ய வேண்டிய பெரிய வேலை அது. அந்த வேலை முடிந்த சில கார்களில் சீலன்ட் பசைப் பிசிறு ஓயில் உறிஞ்சும் வலையை அடைத்து எஞ்சின் போய்விட்டது என்று உரிமையாளர்கள் முறையிட்டு, அமெரிக்காவில் வழக்கும் போட்டார்கள். ஆகவே 2013 கார் பார்க்கிறவர்கள் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: அந்த வேலை நடந்ததா? நடந்த பிறகு எத்தனை கிலோமீற்றர் ஓடியிருக்கிறது? அந்தத் தலையிடியே வேண்டாம் என்று நினைத்துத்தான் நான் 2015-க்குப் போனேன்.

இரண்டாவது கார், நான் வாங்கிய 2015, விற்பி நகரில். ஓய்வு பெற்ற ஒரு மனுஷன், கம்பனியிலிருந்து வந்தபடியே வைத்திருந்தார். ஓயில் மாற்றிய ரசீதுகள் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள், தேதி வாரியாக. எங்கள் பக்கத்து கராஜ் அண்ணையிடம் 150 டொலர் கொடுத்து லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் சொன்னேன். "தம்பி, கீழ வந்து பார், றோட்டுக்குப் போடுற உப்பு இன்னும் தின்னத் தொடங்கேல்லை" என்றார். மிசிசாகா காரின் படத்தையும் காட்டினேன். "உந்தக் காரை வாங்கினியெண்டால் மாதாமாதம் எனக்குத்தான் சம்பளம்." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மச்சானுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: கிலோமீற்றரைப் பார்ப்பதை விட முன்பு வைத்திருந்த ஆளைப் பார். இது விளையாட விரும்புகிறவர்கள் வாங்கும் கார். விளையாடினது பிழையில்லை, அதற்கேற்ற பராமரிப்பு நடந்ததா என்பதுதான் கேள்வி. ஒரிஜினலாகவே இருக்கும் 110,000 கிலோமீற்றர் காரை, பத்துப் பாகம் மாற்றிய 60,000 கிலோமீற்றர் காரை விட நான் நம்புவேன்.

போய்ப் பார்க்கும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் சில்வண்டு கத்துவதுபோல ஒரு சத்தம் வரும், பயப்பட வேண்டாம். அது உயர் அழுத்தப் பெற்றோல் பம்ப், இந்தக் காரின் இயல்பு. குளிரில் இரண்டாம் கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அதுவும் இயல்பு. சூடான பிறகும் கரகரத்தால்தான் சந்தேகப்பட வேண்டும். நியூட்ரலில் நிற்கும்போது ஒரு கீச்சொலி வந்து, கிளட்சை லேசாக மிதித்ததும் நின்றுபோனால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் தேய்கிறது என்று அர்த்தம். பேரிங் மலிவுதான், ஆனால் அதை எட்ட கியர்பொக்ஸை இறக்க வேண்டும். நான் 128,000-இல் கிளட்சும் பேரிங்கும் சேர்த்து மாற்றினேன், 1,600 டொலர் ஆனது.

ஓட்டம் எப்படி? 2.0 லிட்டர் பொக்சர் எஞ்சின், 200 குதிரைசக்தி, எடை 1,250 கிலோவுக்குப் பக்கம். எஞ்சின் நிமிடத்துக்கு 3,500-க்கும் 4,500-க்கும் இடையில் சுற்றும்போது இழுவை ஒரு குழிக்குள் விழுந்த மாதிரி இருக்கும். 401-இல் ஏறும்போது குடும்ப வான்கள்கூட முந்திக்கொண்டு போகும். நேர்கோட்டு வேகம்தான் வேண்டும் என்றால் இந்தக் காரை வாங்காதீர்கள், மூன்றே மாதத்தில் விற்றுவிடுவீர்கள்.

ஆனால் ரூஜ் ஆற்றுப் பக்கம் ட்வின் ரிவர்ஸ் வீதி இருக்கிறதே, குறுகலாகச் சரிந்து இறங்கி, வளைந்து, பழைய பாலத்தைக் கடந்து ஏறும் வீதி, அதில் நாற்பது கிலோமீற்றர் வேகத்தில் போனாலே போதும். எஞ்சின் தட்டையாகத் தாழ்வில் படுத்திருப்பதால் உடம்பு சரிவதே இல்லை. ஸ்டியரிங்கை ஒரு விரலளவு திருப்பினால் மூக்கு அந்த அளவே திரும்பும். ரயர் பிடி விடத் தொடங்குவது இடுப்பில் தெரியும். சட்டத்தை மீறாமல் இவ்வளவு சந்தோஷம் தருகிற கார் வேறு எதையும் நான் ஓட்டியதில்லை. வேலை முடிந்து களைத்து வரும் நாளில் நேர் வழியை விட்டு அந்த வழியால் வருகிறேன், ஆறு வருடமாகியும்.

ஸ்நோவில் பின்சக்கர இழுவை சரிவராது என்று எல்லோரும் பயம் காட்டினார்கள். நல்ல விண்டர் ரயர் இருந்தால் சரிவரும். நான் 16 அங்குல றிம்மில் 205/55 அளவு ரயர் போட்டிருக்கிறேன். 17 அங்குல ரயரை விட மலிவு, குழிகளில் அடி படுவதும் குறைவு. இங்கே விண்டர் ரயருக்கு இன்சூரன்ஸில் கழிவும் உண்டு, கேட்டு வாங்குங்கள். உண்மையான தொல்லை தரை இடைவெளிதான், ஐந்து அங்குலமும் இல்லை. இரவில் ஸ்நோ தள்ளும் கலப்பை வண்டி வீட்டு வாசலில் தள்ளிவிட்டுப் போன குவியலைச் சவளால் அள்ளாமல் காலையில் வெளியே எடுக்க முடியாது. ஒவ்வொரு அக்டோபரிலும் அடியில் துருத்தடுப்பு ஓயில் அடிக்கிறேன். இந்த ஊரில் அதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.

குடும்பத்தோடு என்றால் யோசிக்க வேண்டும். றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்கு அம்மாவைக் கூட்டிப் போனால், சேலையோடு இறங்க அவவுக்கு இரண்டு கையும் பிடிக்க வேண்டும். முழங்கால் வருத்தம் கூடிய பிறகு அவவுக்காகத் தங்கச்சியின் காரைத்தான் இரவல் வாங்குகிறேன். பின்சீட் பைகளுக்கு மட்டும். ஆனால் அதை மடித்தால் நான்கு ரயர் உள்ளே போகும், ஒரு நாற்பது இறாத்தல் அரிசி மூட்டையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒரே கார், சின்னப் பிள்ளைகள் என்றால் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

செலவு: பிரீமியம் பெற்றோல்தான் ஊற்ற வேண்டும், எனக்கு நூறு கிலோமீற்றருக்கு ஒன்பது லிட்டர் அளவில் போகிறது. இன்சூரன்ஸ் விலையைக் காருக்குக் காசு கொடுக்கும் முன்பே கேளுங்கள், முன்பிருந்த சிவிக்கை விட எனக்கு வருடத்துக்கு 400 டொலர் கூட. தனியாளிடம் வாங்கினாலும் ஒன்ராறியோவில் 13 சதவீத வரி உண்டு. கொடுத்த விலை, ரெட் புக் என்ற கார் விலைப்பட்டியலில் உள்ள மொத்த வியாபார விலை, இவற்றில் எது பெரிதோ அதற்குத்தான் வரி. ஆகவே ரசீதில் குறைத்து எழுதி ஒன்றும் மிச்சமில்லை.

2022 மாடலாக வந்த புதிய 86-இல் 2.4 லிட்டர் எஞ்சின், அந்த இழுவைக் குழியும் பெரும்பாலும் நிரம்பிவிட்டது. ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன், நல்ல கார். விலையைக் கேட்டுவிட்டு என்னுடையதிலேயே வீட்டுக்கு வந்தேன்.

வரும் சனிக்கிழமை மச்சானும் நானும் ஏஜாக்ஸில் ஒரு 2017-ஐப் பார்க்கப் போகிறோம். நாங்கள் வந்து சேரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லியிருக்கிறேன்.