மூணு வருஷம், மூணு கேபிளு: என் புல்லு வெட்டுற மெஷின் கதை

நேத்து மூணாவது கேபிளும் மாத்தியாச்சு. மாத்திட்டு கை கழுவப் போறதுக்குள்ள தொண்டியில இருந்து தம்பி போன், "அக்கா, நீ வச்சிருக்கியே அதே புல்லு மெஷினு, இப்ப 4000 ரூவா குறைச்சுப் போட்டிருக்கான், வாங்கிரவா?"ன்னு. கையெல்லாம் கிரீஸு, இருந்த கோவத்துல "வாங்காதடா"ன்னு சொல்லி வச்சுட்டேன். ராத்திரி படுத்து யோசிச்சா பாவமா இருந்துச்சு, ஏன் வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லலையேன்னு. அதான் உக்காந்து எழுதுறேன், அவனுக்கும் சேத்து, நம்ம கடக்கரைப் பக்கம் இத வாங்கலாமான்னு பாத்துக்கிட்டு இருக்குற மத்தவுகளுக்கும் சேத்து.

எத்தன சிசி, எத்தன கிலோ, அதெல்லாம் விக்கிறவன் படத்தோட போட்டிருப்பான். பெட்ரோல், ஃபோர் ஸ்ட்ரோக், பின்னாடி நின்னு தள்ளிக்கிட்டே போறது, 18 இஞ்சு பிளேடு, அம்புட்டுதான். எங்களுக்கு மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவுல மூணு ரூம் உள்ள சின்ன ஸ்டே, ராமேஸ்வரம் போறவுக வந்து தங்குவாக, முன்னாடி ஆறு சென்ட்ல புல்லு. மணல்ல புல்லு வளக்குறது எங்க வீட்டுக்காரர் ஐடியா, குவைத்துல உக்காந்துக்கிட்டு போட்டது. புல்லு போட வந்த ஆளு பெர்முடா கிராஸ்னு சொல்லி சதுர அடி கணக்குல காசு வாங்கிட்டுப் போயிட்டாரு, முளைச்சு வந்ததும் எங்கம்மா குனிஞ்சு பாத்துட்டு "ஏன்டி, இது புள்ளையாருக்கு வைக்கிற அருகம்புல்லுல்ல"ன்னாக. அதேதான். சும்மா வரப்புல கெடக்குறதுக்கு நான் காசு குடுத்திருக்கேன். அத விடுங்க.

எனக்கும் இந்த மெஷினுக்கும் உள்ள சண்டை அதோட லிவர்தான். கைப்புடியோட சேத்து ஒரு கம்பி வளையம் இருக்கும், அத கைப்புடியோட அமுக்கிப் புடிச்சிருந்தாதான் இஞ்சின் ஓடும். கைய எடுத்தா ஆஃப். அமெரிக்காவுல 1982லயே இதுக்கு ரூல் அமலுக்கு வந்துருச்சு, கைய விட்ட 3 செகண்டுக்குள்ள பிளேடு நின்னாகணும்னு. நல்ல ரூலுதான், யாரு இல்லைன்னா. ஆனா எங்க தோட்டத்துல நாலு தென்னை நிக்கிது, பத்தடிக்கு ஒரு பன்னாடை கெடக்கும், இல்லைன்னா மட்டை, இல்லைன்னா வந்தவுக புள்ளைக விட்டுட்டுப் போன பந்து. அத எடுக்க கைய விட்டா இஞ்சின் நின்னுரும், மறுபடி லிவர அமுக்கு, கயிற இழு. ஒருநாள் காலையில எண்ணிப் பாத்தேன், 11 தடவ. மறுநாள் வலது தோள தூக்க முடியல, இட்லி மாவு கரைக்க எடது கையிலதான் கரைச்சேன். புல்லு வெட்டுறதுக்கு முன்னாடியே நடந்து போய் எல்லாத்தையும் பொறுக்கிரணும்னு மேனுவல்ல போட்டிருக்கு, நாம எங்க படிச்சோம்.

வேலைக்கு வர்ற அண்ணன் இதுக்கு ஒரு வழி கண்டுபுடிச்சாரு. முன்னாடி கடலுக்குப் போயிட்டு இருந்தவரு, கையில எப்பவும் வலை பின்ற நைலான் நூலு இருக்கும், அதுல நாலு சுத்து சுத்தி லிவர கைப்புடியோட சேத்துக் கட்டிட்டாரு. அந்த முடிச்சு அவுக்க எனக்கு கத்தி வேணும், அப்படி ஒரு முடிச்சு. உண்மையச் சொல்றேன், நானும் கண்டுக்கல. ஒரு மழைக்காலம் பூரா அப்படியேதான் ஓடுச்சு, அந்த வருஷம்தான் நான் இந்த மெஷினப் பத்தி எல்லாருகிட்டயும் பெருமையா பேசினதும்.

அப்புறம் ஒருநாள், கார்த்திகை மாசம்னு நினைக்கிறேன், ராத்திரி மழை பேஞ்சு புல்லு ஈரம். ஈரப்புல்லு வெட்டினா வெட்டினது வெளிய விழாம பக்கவாட்டு வாய்ல அப்பிக்கும். நான் மேல மாடியில துணி காயப்போட்டுக்கிட்டு இருக்கேன், கீழ பாத்தா அவரு ஓடுற மெஷின் பக்கத்துல குத்தவச்சு உக்காந்து அந்த வாய்க்குள்ள கைய விட்டு புல்ல தோண்டிக்கிட்டு இருக்காரு. நான் போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டு நாயெல்லாம் குலைச்சுச்சு. அவரு நிமிந்து பாத்து சிரிக்கிறாரு, "பிளேடு அந்தப் பக்கம்மா". ஒண்ணும் ஆகல, விரல் பத்தும் இருக்கு. எறங்கிப் போய் நூல அறுத்து எறிஞ்சேன், அவரு கோவிச்சுக்கிட்டு பத்து நாள் வரல, அந்தப் பத்து நாளும் நான்தான் வெட்டினேன், நூல அறுத்ததுக்கு கயித்த இழுத்து இழுத்து அனுபவிச்சேன்.

அந்த பத்து நாள்ல ஒருநாள் காயிதத்துல கணக்குப் போட்டுப் பாத்தேன். 18 இஞ்சு பிளேடு, நிமிஷத்துக்கு 3000 சுத்து, அப்படின்னா பிளேடு நுனி மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல போகுது. நம்ம மண்ணுல என்ன இருக்கு? சிப்பி, சங்கு ஒடைசல், பவளக்கல்லு. பழைய வீட்டுக்கெல்லாம் சுவரே பவளக்கல்லுலதான கட்டினாக, அந்த ஒடைசல் பூமியில எங்க தோண்டினாலும் வரும். அதுல ஒரு துண்டு, கொட்டைப்பாக்கு அளவுகூட இருக்காது, பக்கவாட்டு வாய் வழியா பறந்து மதுரையில இருந்து வந்தவுக கார் பின் கண்ணாடியில பட்டுச்சு. சத்தம் பெருசா இல்ல, டொக்குன்னுதான், ஆனா கண்ணாடி மொத்தமும் கல்கண்டு மாதிரி நொறுங்கிருச்சு. 7000 ரூவா குடுத்தேன். கண்ணாடி எடத்துல ஒரு புள்ள நின்னிருந்தா என்னன்னு அதுக்கப்புறம் ஒரு வாரம் சரியா தூக்கமில்ல. இப்ப புல்லு வெட்டுற நேரம் ரூம்ல இருக்குறவுக வெளிய வரக்கூடாதுன்னு முன்னாடியே சொல்லிருவேன், அந்த வாய் எப்பவும் மதில் பக்கம் பாத்துதான் இருக்கும், எனக்கு கண்ணுக்கு கண்ணாடி, கால்ல பூட்ஸ். சேலையில பூட்ஸ் போட்டு நான் நிக்கிறத பாத்து சிரிக்காத ஆளு இல்ல.

இங்க வரைக்கும் படிச்சா லிவர் நல்லதுதானன்னு தோணும். நானும் அப்படித்தான் நினைச்சு அதோட ராசியாகப் பாத்தேன். அப்பதான் அது வேலையக் காட்டுச்சு.

லிவருக்கும் இஞ்சினுக்கும் நடுவுல ஒரு கேபிள் போகுது, சைக்கிள் பிரேக் கேபிள் மாதிரி. லிவர அமுக்கினா கேபிள் இழுத்து பிரேக்க விலக்கும், விட்டா ஸ்பிரிங் தள்ளி பிரேக்கு புடிச்சு கரண்ட்டும் கட்டாகும். எங்க வீட்டுக்கு வடக்க போனாலும் கடல், தெக்க போனாலும் கடல். வாடை அடிச்சாலும் உப்பு, கச்சான் அடிச்சாலும் உப்பு. கேபிள் உறைக்குள்ள துரு ஏறி, இழுத்த எடத்துலயே புடிச்சுக்கிச்சு. நான் கைய விட்டேன், லிவர் டொய்ங்குன்னு மேல போச்சு, இஞ்சின் பாட்டுக்கு ஓடுது. வேணாம்னு சொன்னப்பல்லாம் பொசுக் பொசுக்குன்னு நின்ன மெஷினு, நிக்க வேண்டிய அன்னைக்கு நிக்கல! பெட்ரோல் வர்ற குழாய மூடிட்டு தூரப் போய் நின்னேன். கார்பரேட்டருக்குள்ள இருக்குற பெட்ரோல் தீருற வரைக்கும் அது ஓடுச்சு, ரெண்டு நிமிஷம் இருக்கும், நான் மாமரத்துக்குப் பின்னாடி நின்னு ஒரு காலி மெஷின பாத்து பயந்துக்கிட்டு இருந்தேன். காத்த அடைக்கிற சோக்க இழுத்திருந்தா மூச்சு முட்டி உடனே நின்னிருக்கும்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. ஸ்பார்க் பிளக் கேப்ப மட்டும் ஓடும்போது புடுங்கப் போயிராதீக, ஷாக் அடிக்கும்.

கேபிள் எம்புட்டு? 450 ரூவா. வர்றதுக்கு? முத தடவ மூணு வாரம், ரெண்டாவது தடவ அஞ்சு வாரம். நடு மழைக்காலத்துல அஞ்சு வாரம்னா அருகம்புல்லு மொழங்கால் தொடும், அதுக்கப்புறம் அருவாதான். நம்ம பக்கம் வருஷத்துல ஐப்பசியில இருந்து தை வரைக்கும்தான் புல்லுக்கு உசுரு, சரியா அந்த நேரம் பாத்துதான் இது படுக்கும்.

இதுல என் தப்பும் இருக்கு, மறைக்கல. முத வருஷம் ஒவ்வொரு தடவ வெட்டினதும் பொறுப்பா போர் தண்ணியில கழுவி வச்சேன். எங்க போர் தண்ணி வாயில வைக்க முடியாத உப்பு. பாம்பன்ல ஒரு போட் மெக்கானிக் அண்ணன்தான் திட்டினாரு, "அவுட்போர்டு இஞ்சினையே நல்ல தண்ணியிலதான் கழுவுறோம், நீங்க கரையில இருக்குற மெஷின கொண்டு போய் கடல்ல முக்குறீகளே"ன்னு. இப்ப கழுவுறதே இல்ல. இஞ்சின் ஆறினதும் பிளக் கேப்ப கழட்டிட்டு, சாச்சு, அடியில அப்பியிருக்குற புல்ல ஒரு மரக்கட்டையில சுரண்டிட்டு, ஆயில் துணியில தொடச்சு வைக்கிறேன். சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் உள்ள பக்கம் மேல இருக்கணும். நான் ஒருதடவ மாத்திச் சாச்சு, ஆயில் பூரா ஃபில்டருக்குள்ள எறங்கி, ஸ்டார்ட் பண்ணா வெள்ளைப் புகை, தீப்புடிச்சுருச்சுன்னு ரோட்டுல போனவுக வந்துட்டாக.

அந்த போட் மெக்கானிக் கிட்ட போனதே ஒரு கூத்து. பிளேடு ஒரு பெரிய பவளக்கல்லுல மோதி டமார்னு நின்னுச்சு, அப்புறம் ஸ்டார்ட் ஆகல, கயித்த இழுத்தா கைய வெடுக்குன்னு திருப்பி இழுக்குது. டவுன்ல ஒரு கடையில கார்பரேட்டர் போச்சுன்னு சொல்லி 3800க்கு புதுசு போட்டாரு, அப்பவும் ஓடல, "இஞ்சினே போயிருச்சு"ன்னு கைய விரிச்சுட்டாரு. போட்காரர் நான் சொன்னத கேட்டுட்டு கார்பரேட்டர தொடவே இல்ல. நேரா மேல் மூடிய கழட்டி, இஞ்சின் தண்டுல சுத்துற மேக்னட் சக்கரத்த எடுத்து, அத தண்டோட பூட்டி வைக்கிற ஒரு சின்ன கீய உள்ள இருந்து எடுத்து என் உள்ளங்கையில வச்சாரு, சுண்டுவிரல் நகம் அளவுதான், பாதியா ஒடைஞ்சு படி மாதிரி நகந்து நிக்கிது. பிளேடு திடீர்னு நிக்கும்போது மேக்னட் சுத்துன வேகத்துல கீ அறுந்து ஸ்பார்க் அடிக்கிற டைமிங் மாறிப்போச்சு, அம்புட்டுதான். 200 ரூவா வாங்கினாரு, அதுவும் நான் வச்சுட்டு வந்ததால. பிளேடையும் கழட்டி தட்டி நிமித்தப் போனேன், வளைஞ்ச பிளேட நிமித்தவே கூடாதுன்னு தூக்கி ஓரமா போட்டுட்டாரு. நல்ல பிளேட சாணை புடிச்சா நடு ஓட்டைய ஒரு ஆணியில மாட்டி ரெண்டு பக்கமும் சமமா நிக்கிதான்னு பாக்கணும், ஒரு பக்கம் தாந்தா அந்தப் பக்கத்த இன்னும் ரெண்டு இழுப்பு. எங்க மணல்ல 20 நாளைக்கு ஒருதடவ சாணை, உப்புத்தாள்ல தேச்ச மாதிரி மொனை மழுங்கிரும்.

பெட்ரோலப் பத்தி ஒண்ணு. மேனுவல்ல 10 சதவீதத்துக்கு மேல எத்தனால் வேணாம்னு போட்டிருக்கு, பங்க்ல இப்ப வர்றதே 20. என்ன பண்ண. எத்தனால் ஈரத்த இழுக்கும், நம்ம காத்துல ஈரத்துக்கா பஞ்சம். மாசி பொறந்ததும் டேங்க காலி பண்ணி, கார்பரேட்டர்ல இருக்குறதும் தீர்ற வரைக்கும் ஓட்டிட்டுதான் மூலையில வைக்கிறேன். ஊத்துறதும் வெளிய வச்சு, இஞ்சின் ஆறினப்புறம்தான். ஒருதடவ அவசரத்துல ஊத்தி ஒரு சொட்டு சைலன்சர்ல விழுந்து ஸ்ஸ்ஸுன்னு ஆவியாச்சு, அந்த சத்தம் இன்னும் காதுல இருக்கு.

இஞ்சினப் பத்தி மட்டும் கேட்டா வாய் நெறைய நல்லதாத்தான் சொல்லுவேன். ரெண்டாவது இழுப்புல ஸ்டார்ட், ஆயில் குடிக்காது, ஏர் ஃபில்டர் பஞ்ச சோப்புத் தண்ணியில அலசி நாலு சொட்டு ஆயில் விட்டு பிழிஞ்சு போட்டா புதுசு மாதிரி மூச்சு விடுது. சாயங்காலம் வெட்டி முடிச்சு அந்தப் பச்ச வாசனையில திண்ணையில உக்காந்தா, குவைத்துல இருக்குற மனுஷன் மேலகூட கோவம் வராது.

ஆனாலும் தம்பி, வாங்காத. ஆறு சென்ட்டுக்கு ரெண்டு ராமநாதபுரம் வெள்ளை செம்மறி வாங்கி விடு, கேபிளும் கெடையாது லிவரும் கெடையாது, விலையும் ஏறும். பக்கத்து ரிசார்ட்டுக்காரர் போன மாசம் 15000 தர்றேன், உங்க மெஷின குடுத்துருங்கன்னு கேட்டாரு. குடுக்க மாட்டேன்னுட்டேன். அது வேற விஷயம்.

இப்பல்லாம் தினம் வெட்ட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சிமெண்ட் தரையில வச்சு ஸ்டார்ட் பண்ணி, கைய விட்டு, ஒண்ணு ரெண்டு மூணு எண்ணிப் பாக்குறேன். மூணுக்குள்ள நிக்கலன்னா அன்னைக்கு புல்லு வெட்டு இல்ல. நான் சொல்லி நீ எப்ப கேட்ட, வாங்கத்தான் போற, அப்படி வாங்குனா அங்கயே கேபிளும் ரெண்டு சேத்து வாங்கிரு. ஒண்ணு எனக்கு.