லூசான மோதிரம்: நூலா, கடையா, பட்டறையா?

கல்யாணத்தில் மாமா போட்ட நாலு கிராம் மோதிரம் எனக்கு முதல் நாளிலிருந்தே லூஸ். அரிசி களையும்போது ஒருநாள் கழன்று கழுநீரோடு போகப் பார்த்தது. அப்புறம்தான் அதற்கு வழி தேடினேன்.

அம்மா சொன்னது நூல். அடிக்கம்பியில் நெருக்கமாகச் சுற்றினால் பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது, காசும் இல்லை. ஆனால் இரண்டே வாரத்தில் மஞ்சளும் சோப்பும் ஊறி நூல் பழுப்பாகி, விரலடியில் ஈரம் தங்கி அரிப்பு. கவரிங் மோதிரம் என்றால் நூலே போதும். பட்டறையில் நெருப்பைக் காட்டினால் முலாம் கறுத்துவிடும்.

கடையில் மாற்றலாமே என்றார் கணவர். வாங்கிய சில நாளுக்குள் பில்லோடு போனால் பல கடைகளில் மாற்றித் தருவார்கள். நாளானால் அது பழைய நகைதான். அதற்குத் தங்கத்தின் விலை மட்டும் கிடைக்கும். புதிதுக்கு மறுபடி செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜி.எஸ்.டி. டிசைனும் பிடிக்கவில்லை என்றால் சரி, அளவுக்காக மட்டும் இது தண்டச் செலவு.

கடைசியில் பத்தரிடம் போனேன். "காலைல விரல் ஒடுங்கியிருக்கும்மா, சாயங்காலமா வா" என்று திருப்பி அனுப்பினார். மாலையில் அளவு வளையங்களை மாட்டிப் பார்த்து, விட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் குறைக்கணும் என்றார். அதற்கு மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான துண்டை வெட்டவேண்டும். வெட்டிய முனைகளைச் சேர்த்து, வெங்காரம் தடவி, ஒட்டவைக்கும் பொடி வைத்து, குழலால் நெருப்பை ஊதிப் பற்றவைத்தார். மெருகு போட்டபின் ஒட்டு எங்கே என்று எனக்கே தெரியவில்லை.

எனக்கு இதுதான் சரிப்பட்டது. ஆனால் கண்ணெதிரே எடை போடச் சொல்லுங்கள், வெட்டிய துண்டையும் கேட்டு வாங்குங்கள். உள்பக்கம் பொறித்திருக்கும் எச்.யூ.ஐ.டி.யை, அதாவது எழுத்தும் எண்ணும் கலந்த ஆறிலக்க ஹால்மார்க் அடையாளக் குறியை விட்டுத் தள்ளி வெட்டச் சொல்லவேண்டும். முத்து, பவளம், மரகதம் சூடு தாங்காது. கல்லைக் கழற்றாமல் ஊத விடாதீர்கள். சுற்றிலும் கல் பதித்த மோதிரத்தில் வெட்ட இடமே கிடையாது.

கணு பெருத்து அடிவிரல் மெலிந்தவர்களுக்கு வெட்டும் வேலை உதவாது. குறைத்த மோதிரம் கணுவைத் தாண்டாது. உள்பக்கம் அடியில் இரண்டு சின்னத் தங்கக் குண்டு பற்றவைத்தால் மோதிரம் சுழலாமல் நிற்கும். அம்மா மோதிரத்துக்கு அப்படித்தான் வைத்தோம். நூல் சுற்றுவதை அவரே விட்டுவிட்டார்.